தவராசாவின் அட்டை கிடந்த பெட்டி

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது இருக்கும் இளம் உத்தியோகத்தர் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி நல்லூருக்கு வந்தார். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேலையின்மை பற்றி ஓர் அறிக்கை எழுதுகிறாராம். பழைய மாதாந்த விபரங்களைப் புரட்டியபோது ஒன்று அவருக்கு விளங்கவில்லை.

"சேர், கிளாக்கர் வேலை கேட்டவையின்ரை தொகை வருசா வருசம் ஏறிக்கொண்டே போகுது. கூலி வேலை கேட்டவை அந்தளவுக்கு இல்லை. அந்த நேரம் யாழ்ப்பாணத்திலை அலவாங்கு பிடிக்க ஆள் இல்லாமலோ போச்சுது?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதிலில் பிழை ஒன்றும் இல்லை. படிப்புப் பெருகியது, அரசாங்க வேலை சுருங்கியது, படித்த பிள்ளை தோட்டத்துக்குத் திரும்ப மனம் வைக்கவில்லை என்றேன். அவர் குறித்துக்கொண்டு போய்விட்டார். போன பிறகுதான், சொல்லாமல் விட்டதை நினைத்து இருப்புக் கொள்ளவில்லை. அந்த விபரங்களைக் கூட்டி எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. யார் எந்தத் தொகைக்குள் போகவேண்டும் என்று முடிவு செய்ததும் அதே கைதான். அவருக்குச் சொல்லத் தைரியம் வராததை இங்கே எழுதுகிறேன்.

வட்டுக்கோட்டையில் படித்து, ஐம்பத்தாறில் லிகிதர் சேவையில், கிளாக்கராக, சேர்ந்தேன். சிங்களம் மட்டும் அரசமொழியானதும் அதே ஆண்டில்தான்; அதன் பிறகு சிங்களம் தெரியாதவனுக்கு அரசாங்க வேலை அரிதாயிற்று. ஓடுகிற கடைசிக் கோச்சியில் தொற்றிக்கொண்டவன் என்று நண்பர்கள் என்னைப் பகிடி பண்ணுவார்கள். கொழும்பில் சில காலம், தெற்கில் சில காலம். அங்கே கற்றதெல்லாம் கோப்பை ஒழுங்காகக் கட்டுவதும் மேலதிகாரியின் முகத்தைப் படிப்பதும். அறுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்தது, வேலை தேடுவோரைப் பதியும் அலுவலகத்துக்கு. சனங்கள் அதை வேலைக் கந்தோர் என்பார்கள்.

எங்கள் முறை சிக்கலானதல்ல. வேலை தேடி வருபவருக்கு ஓர் அட்டை எழுதுவோம். பெயர், வயது, படிப்பு, எந்த வகை வேலை. வகைக்கு ஒரு மரப்பெட்டி. எழுத்து வேலைக்கு ஒன்று, கைத்தொழிலுக்கு ஒன்று, பயிற்சி இல்லாத உடல் உழைப்புக்கு ஒன்று. கடைசியைக் கந்தோருக்குள் கூலிப்பெட்டி என்போம். பதிந்த நாளின் வரிசைப்படி அட்டைகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு தொழிற்சாலையோ திணைக்களமோ ஆள் கேட்டால், அந்த வகைப் பெட்டியை இழுத்து, முன்னால் நிற்கும் அட்டைகளை எடுத்து, அவர்களுக்கு அழைப்பு அனுப்புவோம். பதிந்தவர் மாதம் ஒருமுறை வந்து, நாங்கள் கொடுத்த பதிவுத் துண்டில் முத்திரை குத்திக்கொள்ளவேண்டும். வராவிட்டால் அட்டை பெட்டியைவிட்டு வெளியே போய்விடும். மாத முடிவில் ஒவ்வொரு பெட்டியிலும் இருப்பதை எண்ணிக் கொழும்புக்கு அறிவிப்போம். நாடு முழுவதும் யார் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியவந்தது அந்தப் பெட்டிகள் வழியாகத்தான்.

முத்திரை குத்தும் நாட்களில் வரிசை வாசலைத் தாண்டி மதிலோரம் வரை நிற்கும். ஒருநாள் ஒருவன் முன்னால் நின்றவனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"உதுவும் அரசாங்க உத்தியோகந்தான் மச்சான். மாதம் தவறாமல் வந்து சைன் வைக்கவேணும். சம்பளம் ஒண்டுதான் இல்லை."

"பென்சன் இருக்கோ?"

"நீ இப்பிடியே நிண்டால் பென்சன் வயசு வந்திடும்."

எங்கள் கந்தோரின் பெரியவர் திரு. அம்பலவாணர் சுன்னாகத்திலிருந்து கோச்சியில் வருவார். மேற்சட்டையைக் கழற்றிக் கதிரையின் முதுகில் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, முதல் ஆளைக் கூப்பிடுவார். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெயிலில் நிற்கிறார்களென்று வாசலில் நிழலாக உட்கார வாங்கு போடச் செய்தவரும் அவர்தான். புதிதாகப் பதிய வருபவரிடம் முதலில் மூன்று கேள்விகள் கேட்பார். "எவடம் தம்பி?" "ஆரின்ரை மகன்?" "எந்தக் கோயிலடி?" அதன் பிறகுதான் சான்றிதழைக் கையில் வாங்குவார். அந்த மூன்று பதில்களிலும் ஒருவனுடைய சாதி தெரிந்துவிடும் என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கவேண்டியதில்லை. அட்டையில் அதை எழுத இடமும் இல்லை, தேவையும் இல்லை. எந்தப் பெட்டி என்பதில் அது தானாகவே எழுதப்பட்டுவிடும்.

அவர் அதை அநியாயம் என்று நினைத்துச் செய்யவில்லை. "ஆள் எங்கை நிண்டால் நிம்மதியாய் நிப்பான் எண்டு பாக்கவேணும்" என்று எனக்கு ஒருமுறை சொன்னார். கரையோர மீனவக் குடும்பத்துப் பிள்ளை நல்ல பரீட்சைச் சித்தியோடு வந்தால், "கிளாக்கர் வேலைக்கு எத்தினை வருசம் இருப்பீர்? இதிலை போட்டால் கெதியாய்க் கிடைக்கும்" என்று தன்மையாகச் சொல்லிக் கூலிப்பெட்டிக்கு அனுப்புவார். நிலம் வைத்திருந்த தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை பரீட்சையில் தேறாமல் வந்தால், "இன்னொருக்கா எடும்" என்று எழுத்து வேலைப் பெட்டியில் வைப்பார். விரைவிலேயே அந்த மூன்று கேள்விகளை நானும் கேட்கத் தொடங்கினேன். என்னுடைய வேலை அவருடையதைவிட வேகமானது, ஏனென்றால் பல ஊர்களின் குடும்பங்கள் எனக்குத் தெரிந்திருந்தன.

தவராசாவிடம் நான் எதையும் கேட்கவில்லை. அவன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் விதானையாரின் மகன். நான் அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தபோது அரசாங்கம் நியமித்த ஊர்த் தலைவர் என்ற முறையில் எனக்கு நற்சான்று எழுதித் தந்தவர் அந்த விதானையார். பிறகு விதானைமார் முறை எடுபட்டது. அவருடைய அதிகாரமும் வருமானமும் ஒன்றாகப் போயின. ஊர் மட்டும் அவரை விதானையார் என்றே கூப்பிட்டது. தவராசா எஸ்.எஸ்.சி. தேறியவன். சிங்களம் தெரியாது. எழுத்து வேலைப் பெட்டியில் பல வருடங்களாக இருந்தான். அந்தப் பெட்டிக்கு வரும் அழைப்புகளோ வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தன.

வடகரையில் ஒரு தொழிற்சாலை ஆட்களை எடுக்கப்போகிறது என்ற பேச்சு அடிபட்ட காலம். முப்பது வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். தவராசா அந்த வயதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலை முத்திரை குத்தியபின் போகாமல் நின்றான்.

"அண்ணை, என்ரை அட்டையைக் கூலிக்கு மாத்தி விடுங்கோவன்."

"உதென்ன பகிடியோ?"

"பகிடி இல்லை. பக்டரிக்கு உங்கடை கந்தோராலைதான் ஆள் எடுப்பினமாம்."

"அங்கை என்ன வேலை எண்டு தெரியுமே? கல்லுச் சுமக்கவேணும். தூசுக்குள்ளை நிக்கவேணும்."

"தெரியும்."

"விதானையாற்றை மகன் கூடை தூக்கிறதை ஆரும் கண்டால் உம்மடை தங்கச்சியை ஆர் கட்டுவான்?"

அவன் சிரித்தான். "தங்கச்சிக்குத்தான் அண்ணை. சம்பந்தம் பேசி வாறவை முதல் கேக்கிறது, தமையன் என்ன செய்யிறார் எண்டு. சும்மா இருக்கிறார் எண்டு எத்தினை தரம் சொல்லுறது? பக்டரியிலை மாதச் சம்பளம், சேமலாப நிதி எண்டு சொல்லலாம். உள்ளை என்ன தூக்கிறன் எண்டு ஆர் வந்து பாக்கப்போகினம்?"

நான் வாதாடவில்லை. "சரி, மாத்திவிடுறன். நீர் போம்" என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தான். நான் அட்டையைக் கையில் எடுத்துச் சிறிது நேரம் பார்த்தேன். பிறகு அது இருந்த இடத்திலேயே, எழுத்து வேலைப் பெட்டியில், திரும்ப வைத்தேன்.

அந்த நேரம் நான் செய்தது எனக்குப் பெரிய நன்மையாகத் தோன்றியது. பொடியன் விரக்தியில் கேட்கிறான், நாளைக்குத் தானே வருந்துவான். அவனுடைய தகப்பன் எனக்குச் செய்த உதவிக்கு நான் செய்யும் கைம்மாறு இது. இப்படித்தான் நினைத்தேன். அவனிடம் மறுப்பதைவிட ஏமாற்றுவது மரியாதையானது என்றும் நினைத்திருக்கவேண்டும். எங்கள் சமூகத்தில் ஒருவனுடைய மானத்தைக் காப்பாற்றுவதற்கு அவனைக் கேட்கவேண்டுமென்ற வழக்கம் இல்லை.

தொழிற்சாலை ஆள் கேட்டது. கூலிப்பெட்டியை இழுத்து அழைப்புகளை அனுப்பினேன். சில மாதங்களில் மறுபடியும் கேட்டது. மறுபடியும் அனுப்பினேன். இடையில் ஒவ்வொரு மாதமும் தவராசா வந்து கேட்டான்.

"பக்டரியாலை ஒண்டும் வரேல்லையோ அண்ணை?"

"இன்னும் வரேல்லை."

"வந்தால் சொல்லுவியள்தானே."

"சொல்லாமல் விடுவனே?"

முதல் தடவை பொய் சொல்லும்போது வார்த்தை தடுமாறியது. அடுத்தடுத்த மாதங்களில், முத்திரையைக் குத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொல்லப் பழகிவிட்டேன்.

ஒருநாள் முத்திரை நாளல்லாத நாளில், கந்தோர் திறந்ததும் வந்தான். சட்டையெல்லாம் வியர்வை. முதல் நாள் அவன் சைக்கிளில் தொழிற்சாலை வாசலுக்கே போயிருக்கிறான். அங்கே காவலில் நின்றவர், ஆட்களை வேலைக் கந்தோர் இரண்டு முறை அனுப்பிவிட்டதென்று சொல்லியிருக்கிறார். கூலிக்குப் பதிந்து அவனைவிடப் பிந்தி வந்தவர்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணை, என்ரை அட்டை எந்தப் பெட்டியிலை கிடக்கு?"

வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழும்பி, எழுத்து வேலைப் பெட்டியை இழுத்து, அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். வேறென்ன செய்வது?

அவன் அதைத் தொடவில்லை. "எங்கடை ஐயா வந்து மறிச்சவரோ?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உம்மடை நன்மைக்கு..."

"வேலை கிடைக்காமல் இருக்கிறது பழகிப்போச்சு அண்ணை" என்றான் தணிந்த குரலில். "வேலையே இல்லை எண்டு நம்பிக்கொண்டிருந்தன். மாதம் மாதம் வீட்டை போய் அதைத்தான் சொன்னனான். அவையும் நம்பினவை."

அன்று பின்னேரம் விதானையாரிடம் போனேன். மகன் என்னைத் தவறாக நினைத்துவிட்டான், தகப்பனாவது விளங்கிக்கொள்வார் என்ற எண்ணம். உண்மையைச் சொன்னால், அவர் நன்றி சொல்வார் என்றே எதிர்பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை மூக்குப்பேணியில் தேநீரை நீட்டியது. விதானையார் வாங்கி என்னிடம் தந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். உங்களுடைய மகன், உங்களுடைய பெயர், நான் எப்படி எழுதுவேன் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "தம்பி, அவன் உம்மட்டை வர முந்தி என்னட்டைக் கேட்டவன்" என்றார்.

நான் மூக்குப்பேணியைக் கீழே வைத்தேன்.

"நான் ஓம் எண்டனான். அந்த ஓமைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாப்பாடு இறங்கேல்லை. பிறகும் சொன்னனான், போய் எழுதுவி எண்டு. அதை இல்லையெண்டு ஆக்க நீர் ஆர்?"

திட்டவில்லை. நான் போகும்போது படலை வரை வந்தார். அந்தக் காலத்து மனிதர். படலையைச் சாத்தும்போது என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் தவராசாவின் அட்டையை எடுத்துக்கொண்டு அம்பலவாணரின் அறைக்குப் போனேன். வகை மாற்றினால் மாற்றிய நாளிலிருந்துதான் வரிசை என்பது விதி. அவன் கூலிப்பெட்டியின் கடைசியில் நிற்கவேண்டிவரும். முன்பு கேட்ட நாளை அட்டையில் போட்டால், அடுத்த அழைப்பில் அவனுடைய பெயர் முன்னால் இருக்கும். முப்பது ஆவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவான். அப்படிப் போடுவதற்குப் பெரியவரின் கையெழுத்து வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இவர் முந்தியே கேட்டவரோ?"

நான் அவருடைய கையிலிருந்த அட்டையையே பார்த்தேன்.

"கேட்டவர் எண்டால் நீர் எழுதித் தாரும். கேட்டவர், நான் மாத்தாமல் விட்டனான் எண்டு. நான் அந்தத் தேதியையே போட்டு விடுறன். ஆனால் ஏன் மாத்தேல்லை எண்டு உம்மட்டை விளக்கம் கேக்கவேண்டி வரும். அது உம்மடை கோப்பிலை ஏறும். கேக்கேல்லை எண்டால் இண்டைக்குத் தேதி."

அந்த ஆண்டில்தான் எனக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. என் மூத்த மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நல்லூரில் இந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டிருந்தேன். இவற்றையெல்லாம் அந்த அறையில் நின்று ஒவ்வொன்றாக நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். எதையும் நினைக்கவில்லை. பதில் தானாக வாயில் இருந்தது.

"கேக்கேல்லை, சேர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நம்பவில்லை என்றே நினைக்கிறேன். அன்றைய தேதியைப் போட்டு, கையெழுத்திட்டு, மை உலர ஊதி, அட்டையை என்னிடம் தந்தார்.

இத்தனை நாளும் நான் எனக்கே சொல்லிவந்தது, கௌரவம் என்ற மூடநம்பிக்கையால் ஒரு பிழை விட்டேன் என்பதுதான். அப்படிச் சொன்னால் பிழையில் பாதி ஊருக்குப் போய்விடும். இரண்டாவது தடவை, அந்த அறையில், நான் சொன்ன சொல்லுக்கு ஊர் பொறுப்பில்லை. அது முழுக்க என்னுடையது.

பதவி உயர்வு வந்தது. தவராசாவின் முறை வரவில்லை. தொழிற்சாலை மூன்றாவது முறை ஆள் கேட்டபோது அவனுக்கு வயது கடந்திருந்தது. பின்னர் ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையே மாறிப்போயிற்று. அரசியல்வாதியின் சிபாரிசுத் துண்டு இல்லாமல் கூலி வேலைக்கும் போக முடியாத காலம் வந்தது. எங்கள் பெட்டிகளை நாங்கள் மட்டும் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தோம். தவராசா முத்திரைக்கு வருவதை நிறுத்தினான். நிறுத்தியவனின் அட்டையை வெளியே எடுக்கவேண்டும். எடுத்தேன். அந்த மாத விபரத்தில் குடாநாட்டின் வேலையற்றோர் தொகையில் அவனும் குறைந்தான்.

பிறகு ஒருமுறை அவனைக் கண்டேன். சுன்னாகச் சந்தைக்கு வெங்காயம் வாங்கப் போயிருந்தேன். வண்டிலிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். நாள் கூலிக்கு, தன் ஊர்க்காரனின் வெங்காயத்தை, எல்லோரும் பார்க்க. தொழிற்சாலை மதிலுக்குள்ளே எவரும் காணாமல் செய்திருக்கவேண்டிய வேலை. நான் வெங்காயம் வாங்காமல் திரும்பினேன். சில காலத்தில் அவன் வன்னிக்குக் காடு வெட்டும் வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த மேசையில் இருந்துகொண்டு, கரையோரத்திலிருந்து சான்றிதழோடு வந்த பிள்ளைகளை நான் கூலிப்பெட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவரை இருவரை அல்ல. அவர்களில் யாருக்காவது கணக்குப் பாடத்தில் மிகத் திறமையான சித்தி இருந்திருக்கும். யாராவது தயங்கி, "ஐயா, நான் கிளாக்கருக்குத்தான் வந்தனான்" என்று சொல்லியிருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய முகமும் எனக்கு நினைவில்லை. பெயரும் இல்லை. இத்தனை வருடங்களாக நான் வருந்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்காக. என்னுடைய வருத்தத்துக்குக்கூட அந்த மூன்று கேள்விகள் தெரிந்திருக்கின்றன.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஒரு பெண் பதிய வந்தார். நாற்பது வயதை நெருங்கியிருப்பார். தலையில் நரை. கழுத்தில் தாலி இல்லை. அப்போது நான் கந்தோரில் மூத்தவன். மேசைக்கு வரவேண்டியதில்லை. அன்று ஆள் குறைவு என்று போய் இருந்தேன். ஊரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். கேட்காமலேயே, "விதானையாற்றை மகள்" என்றும் சேர்த்துச் சொன்னார், அது இன்னும் எங்காவது உதவும் என்பதுபோல.

"தேப்பன் இருக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"இல்லை. மோசம் போய் மூண்டு வருசம்."

"தமையன் ஒருத்தர் இருந்தவரெல்லே?"

"அண்ணை வன்னியிலை. நாரி முறிஞ்சுபோய் இருக்கிறார். எழும்பி வேலை செய்ய ஏலாது. அதுதான் நான் வந்தனான்."

என்னை அவருக்குத் தெரியவில்லை. அன்று திரைக்குப் பின்னாலிருந்து தேநீர் நீட்டியபோது அவர் என் முகத்தைக் கண்டிருக்கமாட்டார்.

"என்ன வேலைக்கு எழுத?"

"எதெண்டாலும் எழுதுங்கோ. கூட்டித் துடைக்கிறதெண்டாலும். கூலி எண்டே போடுங்கோ, ஐயா."

அவர் சொன்னபடி எழுதினேன். அவர் பார்க்கத்தக்கதாக அட்டையைக் கூலிப்பெட்டியில் வைத்தேன். அதன் பிறகு நான் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மாதமும் முத்திரைக்கு வந்தார். வந்தபோதெல்லாம் நானே மேசைக்குப் போய் இருந்துகொண்டேன். பெண்களுக்கான கூலி வேலைக்கு எந்த இடத்திலிருந்தும் கேட்டு எதுவும் வரவில்லை.

"ஒண்டும் வரேல்லையோ, ஐயா?"

"வரேல்லை பிள்ளை."

அது உண்மை. உண்மையென்று அவருக்குத் தெரியவேண்டும் என்று எனக்கு ஒரு பதற்றம் வந்தது. என்னுடைய கடைசி மாதத்தில், அவர் கேட்டதும், எழும்பிப் போய்க் கூலிப்பெட்டியை முழுதாகத் தூக்கி வந்து மேசையில் அவருக்கு முன்னால் வைத்தேன். திறந்து அட்டையைக் காட்டி, வந்த கடிதங்களின் கோப்பையும் பக்கத்தில் வைத்து, "வடிவாய்ப் பாரும் பிள்ளை" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. முத்திரை குத்திய தன் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"உதை ஏன் ஐயா தூக்கிக்கொண்டு திரியிறியள்?" என்றார். "நீங்கள் இல்லையெண்டு சொன்னால் இல்லைத்தானே."